ட்ரேயில் மிச்சமான வாஷர்

மச்சான்,

உன் வண்டியின் கியர் பெட்டியை நேற்றுக் காலை திறந்தேன். மூடியை நெம்பியதும் அந்த வாடை வந்தது. பழைய கிரீஸ், கருகிய எண்ணெய், அதற்கடியில் இரும்பின் புளிப்பு. இப்போதெல்லாம் என் கடைக்கு வருவது ஸ்கூட்டிகள்தான், கியரே இல்லாத வண்டிகள். இந்த வாடை மூக்குக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே மறக்கிறது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி விடமாட்டேன் என்கிறது. எழுந்திருக்க எனக்கும் அவசரமில்லை.

உன்னை அடக்கம் செய்து பதினாலு மாதம் ஆகிறது. உன் மகன் அனீஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறான். குத்தாலத்து வீட்டை விற்றுவிட்டு அம்மா ஜொஹராவையும் கூட்டிக்கொண்டு போகிறான். இந்த வெள்ளிக்கிழமை விமானம். வண்டியைச் சென்னையில் யாரோ கேட்டிருக்கிறாராம். கடை வாசலில் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இப்ப இதுக்கெல்லாம் வின்டேஜ்னு பேரு மாமா. ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. மூணாவது கியர் நிக்க மாட்டேங்குது, விட்டு விட்டு விழுந்துடுது. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

மூணாவது கியர் என்றதும் அவன் புருவத்தைப் பார்த்தேன். அவன் பேசும்போது நான் அவன் கண்ணைப் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். இடது புருவத்தைத்தான் பார்ப்பேன். அதன் நடுவில் ரோமம் முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. இரண்டு வயதில் விழுந்த வெட்டு. அந்த வெட்டைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. சொல்லத் துப்பில்லை.

எங்கிருந்து தொடங்க? அந்த போல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். கடைத்தெருவில் நாம் இருவரும் சேர்ந்து மெக்கானிக் கடை போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த சமயம். ஆற்றில் தண்ணீர் வரும் என்று நாற்றங்கால் விட்டுக் காத்திருந்து, வராமல் போய், குறுவையைக் கைகழுவிய வீடுகளில் எல்லாம் ஒரு பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். நாமும் போட்டோம். வளைகுடாவில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னைக்குப் போனோம். ஒரு தகரக் கொட்டகையில் நீள மேசை போட்டு ஆளுக்கொரு கியர் பெட்டியைக் கொடுத்தார்கள். பிரித்து, கழுவி, மறுபடி பூட்ட வேண்டும்.

நான் உனக்கு முன்னாலேயே பூட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மிதப்பாக நின்றேன். டெஸ்ட் வைத்தவர் என் மேசையிலிருந்து ஒரு போல்ட்டை இரண்டு விரலால் தூக்கினார். "இது என்ன, ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கா?" என்றார். கொட்டகையே சிரித்தது. உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னை விட்டுவிட்டார்கள். திரும்பும்போது பஸ் விழுப்புரத்தில் நின்றது. அங்கே இறங்கி டீ வாங்கிக் கொடுத்து, "விடுறா. அந்தாளுக்கு அந்தப் பெட்டியப் பிரிக்கவே தெரியாது" என்றாய்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைத்து ஊரில் நானே இந்தக் கதையைச் சொன்னேன். புத்தி கெட்டவன். ஒரே வாரத்தில் எனக்கு 'மிச்ச போல்ட்டு' என்று பேர் விழுந்துவிட்டது. பால்காரன் முதல் பஞ்சாயத்துக் கிளார்க் வரை அதே பேர்தான்.

நீ விமானம் ஏறும்போது ஜொஹராவுக்கு வயிற்றில் நாலு மாதம். வண்டியை என்னிடம் விட்டுப் போனாய். இரண்டரை வருஷம் கழித்து முதல் லீவுக்கு முன்னால் கடிதம் வந்தது. "வண்டிய ரெடி பண்ணி வை. புள்ளைய முன்னாடி டாங்க்ல உக்கார வச்சு மாமனார் வீட்டுக்குப் போவணும்" என்று எழுதியிருந்தாய். பிள்ளையை நீ அதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தாய்.

கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுகியது, ஒரு பேரிங்கும் இரைந்தது. நீ வருகிறாய் என்று முழுதாகப் பிரித்துப் போட்டேன். மூன்று நாள் வேலை. கடையில் மற்ற வண்டிகளையும் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து, விரல் நகம் பெயர்ந்து பூட்டினேன். பூட்டி முடித்துக் கைகழுவிவிட்டு மண்ணெண்ணெய் ட்ரேயைக் கவிழ்க்கப் போனபோது, அடியில் கசடோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாஷர் இருந்தது. கைக்குழந்தை வளையல் அகலம், தாள் கனம். பேரிங்குக்குப் பின்னால் உட்கார வேண்டியது. அது இல்லாவிட்டால் உள்ளே ஷாஃப்ட் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆடும்.

"பொட்டிய மூடுறதுக்கு முன்னாடி ட்ரேயப் பாரு." நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அப்போது சாயங்காலம் ஐந்து மணி. மறுநாள் காலை நீ வந்து இறங்குகிறாய். திரும்பவும் பிரிக்க அரை நாள் ஆகும். வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தாள் கனம்தானே, இதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நினைத்தேன். அசதி மச்சான். வேறு காரணம் சொல்லி என்னை அழகுபடுத்திக்கொள்ள மாட்டேன். அசதியும் வெட்கமும். இதைப் பிரித்தால் எதிர்க் கடைக்காரன், "என்ன மிச்ச போல்ட்டு, மறுபடியுமா?" என்று கேட்பான். வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் துடைத்து, ஹெட்லைட்டில் ஒரு முழம் மல்லிகை சுற்றி, உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வந்த நாலாம் நாள் பொறையாற்றுக்குக் கிளம்பினாய். டாங்க்கில் பிள்ளை, பின்னால் ஜொஹரா. திருக்கடையூருக்கு முன்னால் அந்த வளைவு. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரை மூணாவது கியரில் தாண்டப் போய், எதிரே சைக்கிள் வரவே ஆக்சிலேட்டரை விட்டிருக்கிறாய். விட்டதும் கியர் விழுந்துவிட்டது. திரும்ப முறுக்கினால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற வேன். அது இடிக்காமல் இருக்க நீ வண்டியை ஒடித்து வாய்க்காலில் இறக்கினாய். வேனிலிருந்து குதித்து, பட்டுச்சேலையோடு சேற்றில் இறங்கி உன் பிள்ளையைத் தூக்கியது அந்தக் கல்யாணப் பெண்தான், அறுபதை நெருங்கிய அந்த அம்மா. அனீஸுக்குப் புருவம் பிளந்துவிட்டது. ஜொஹராவுக்கு மணிக்கட்டு முறிந்தது. உனக்கு வலது கணுக்கால் பிசகியது.

மறுநாள் சேதி கேட்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். வாஷர் சட்டைப் பையில் இருந்தது. தனியாக உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தேன், சத்தியமாக. வாசலில் உன் மாமனார் நின்றார். அவர் ஏற்பாட்டில் வண்டி டெம்போவில் வந்து இறங்கியிருந்தது. தெருவில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

"இந்த மிச்ச போல்ட்டுகிட்டயா வண்டியக் குடுத்தீங்க மாப்ளே? இந்தத் தடவ என்னத்த மிச்சம் வச்சான்னு கேளுங்க!" என்றார் உன் மாமனார்.

நீ காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சத்தம் போடாமல்தான் கேட்டாய். "டேய், ட்ரேல எதாச்சும் இருந்துச்சா?"

"இல்லடா. ஒண்ணுமில்ல" என்றேன்.

என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாய். "அவன் மேல தப்பு இல்ல மாமா. அங்க கார் ஓட்டி ஓட்டி இந்த வண்டிப் பழக்கம் விட்டுப்போச்சு. நான்தான் காலத் தூக்காம கியர் மேலயே வச்சுக்கிட்டு வந்தேன். கால் அழுத்துனா கியர் விழத்தான் செய்யும்."

உள்ளேயிருந்து ஜொஹராவின் குரல் வந்தது. "அப்ப உங்க கால்தானா எல்லாத்துக்கும்? ரெண்டரை வருஷம் கழிச்சு வந்து புள்ளையக் கொல்லப் பாத்தீங்களே!" நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு அந்த நிமிஷம் நிம்மதியாக இருந்தது, மச்சான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நிம்மதியாக இருந்தது.

அடுத்த நாள் உன் வீட்டுக் கொல்லையில் இருவரும் பெட்டியைத் திறந்தோம். முதலில் என்னைக் காவிரிக் கரையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னாய். முறுக்கிக்கொண்டு போனால் மூணாவது நின்றது. விட்டதும் விழுந்தது. "சத்தம் போட்டு விழுந்தா பல்லு போச்சுனு அர்த்தம். சத்தமில்லாம நழுவுது. எங்கயோ இடம் விட்டிருக்கு" என்றாய். பல்லின் ஓரங்களைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்த்தாய், கூர் மழுங்கவில்லை. கியரைத் தள்ளுகிற ஃபோர்க்கை ஜன்னல் கண்ணாடி மேல் படுக்க வைத்தாய், வளைவில்லை. கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை அழுத்தினாய். "கொஞ்சம் தளர்வுதான்" என்றாய். கடைசியாக ஷாஃப்டைக் கட்டைவிரலால் தள்ளினாய். டக் என்றது. இழுத்தாய். மறுபடி டக்.

நான் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டாய். "டேய், மாயவரம் போய் ஒரு கேஸ்கட் ஷீட்டும் இந்த ஸ்பிரிங்குல புதுசு ஒண்ணும் வாங்கிட்டு வா" என்றாய். பஸ் பிடித்துப் போய்த் திரும்பி வருவதற்குள் நீ பெட்டியை மூடிவிட்டிருந்தாய்.

"ஷீட் வர்றதுக்குள்ள மூடிட்டியா?"

"கல்யாணப் பத்திரிகைய வெட்டிப் போட்டுட்டேன். வெயில்ல எவன் உக்காந்திருப்பான்?" என்று சிரித்தாய். ஸ்பிரிங்கை மட்டும் வெளியிலிருந்தே போட்டு இறுக்கினாய். ஓட்டிப் பார்த்தோம். மூணாவது கியர் அடித்த ஆணி மாதிரி நின்றது. அப்படியானால் ஸ்பிரிங்தான், வாஷர் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டேன். மனுஷன் தனக்கு வேண்டியதை நம்ப எத்தனை நாள் ஆகும்?

அதற்குப் பிறகு எத்தனை லீவுக்கு வந்தாய்! ஒரு தடவைகூட அந்தப் பெட்டியைத் திறக்க நீ விடவில்லை. "ராசியா ஓடுது, கைய வைக்காதே. எண்ணெய மட்டும் மாத்து" என்பாய். ஊருக்கே திரும்பி வந்த பிறகும் அதே பேச்சுதான். ஜொஹராவும் தன் பேச்சை விடவில்லை. விருந்துக்கு யார் வந்தாலும் அனீஸின் புருவத்தைக் காட்டி, "இவுங்க கால் பண்ண வேலை" என்பாள். நீ சிரித்துக்கொண்டே காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாய். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி தின்றிருக்கிறேன்.

நேற்றுக் காலைக்கு வருகிறேன். மூடியின் ஓரத்தில், எண்ணெய் கசியாமலிருக்க நீ வெட்டிப் போட்ட கல்யாணப் பத்திரிகைக் கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுக் கல்யாணமோ, "சுற்றமும் நட்பும் சூழ" என்பது மட்டும் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி எழுத்தாக இரும்பில் பதிந்திருந்தது. ஷாஃப்டைத் தள்ளினேன். டக். என் பழைய வாஷரை, நான் ஒளித்து வைத்திருந்த ஊதுபத்தி டப்பாவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீ போன பிறகாவது அதை அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்றிருந்தேன். பேரிங்கைச் சூடுகாட்டித் தட்டி வெளியே எடுத்தேன்.

அந்த இடம் காலியாக இல்லை, மச்சான்.

தகரத்தில் வெட்டிய ஒரு வளையம் இருந்தது. கழுவித் துடைத்தேன். ஒரு ஓரம் நைந்து மடங்கியிருந்தது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஆட்டம் கண்டிருக்கிறது. மறுபக்கம் பச்சைப் பெயின்ட். அதில் பாதி வெட்டுப்பட்ட அரபி எழுத்து. நீ கொண்டுவந்த பால் பவுடர் டப்பாவின் மூடி. கத்தரி தடுமாறிய இடம்கூடத் தெரிந்தது. ஷாஃப்ட் டக் என்றபோதே உனக்குத் தெரிந்துவிட்டது. என்ன மிச்சம், யார் பொய் என்று எல்லாமே தெரிந்துவிட்டது. என்னை மாயவரத்துக்கு அனுப்பிவிட்டு, பிசகிய காலோடு உட்கார்ந்து இதை வெட்டியிருக்கிறாய். பிறகு எத்தனையோ வருஷம் உன் காலைத் திட்டவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அடப்பாவி! ஒரு தடவை என்னைத் தனியே கூப்பிட்டு நாலு அறை அறைந்திருக்கக் கூடாதா?

என் வாஷரைப் போட்டுப் பெட்டியை மூடினேன். மூடுவதற்கு முன்னால் ட்ரேயைப் பார்த்தேன். கரை ரோட்டில் முறுக்கி முறுக்கி விட்டுப் பார்த்தேன், மூணாவது நின்றது. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

வீடெல்லாம் அட்டைப் பெட்டி. அனீஸ் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். ஜொஹரா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, டீ போடவா?" என்று எழுந்தாள். வேண்டாம் என்று உட்காரவைத்து, தகர வளையத்தை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் பால் டப்பா மூடிதானே? ஏலக்காய் போட்டு வச்சிருந்தேன். மூடியக் காணோம்னு வீடு பூரா தேடி, அவங்களத் திட்டி... ஸ்டவ்வும் அன்னைக்குக் கொல்லையில கெடந்துச்சு. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

சொன்னேன். வாஷர், ட்ரே, சட்டைப் பை, "ஒண்ணுமில்ல" என்றது, பேரிங்கைச் சூடுகாட்ட நீ எடுத்த ஸ்டவ், எதையும் விடாமல் சொன்னேன். அனீஸ் டேப்பைக் கீழே வைத்துவிட்டான். அவன் விரல் தானாகப் புருவத்துக்குப் போனது.

"அப்ப அத்தாவோட கால் இல்லையா மாமா?" என்றான்.

"இல்லப்பா. நான்தான்."

அவன் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். ஜொஹரா என்னைப் பார்க்காமல், மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"அண்ணே, கடைசி ரெண்டு மாசம் சக்கரைப் புண்ணு அந்தக் கால்லதான். நான்தான் தெனம் துடைச்சு மருந்து போட்டேன். அப்பவும் வாய் சும்மா இல்ல. 'எம் புள்ளையத் தள்ளிவிட்ட காலு, உனக்கு இது வேணும்'னு சொல்லிச் சொல்லித்தான் துடைச்சேன். விளையாட்டாத்தான் சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க." நிறுத்தினாள். "அவங்க இருக்கும்போது நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அத நான் சொல்லாம இருந்திருப்பேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. எழுந்தேன். வாசல்வரை வந்தவள் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்து, தகர வளையத்தை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"எனக்கு வேணாம்ணே. இது உங்களுக்காக அவங்க வெட்டினது. நீங்களே வச்சுக்கங்க."

வெள்ளிக்கிழமை அவர்கள் போய்விடுவார்கள். வண்டியும் போய்விடும், என் வாஷரோடு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதை வைத்திருந்தபோது ஒரு நாளும் குத்தவில்லை. உன் வளையம் வெட்டிய தகரம் இல்லையா, மடங்காத ஓரம் மழுங்காமல் இருக்கிறது. சட்டைப் பையில்தான் போட்டிருக்கிறேன். இன்று காலையிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் குனியும்போது நெஞ்சில் குத்துகிறது. அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். எடுத்தேன், மச்சான். இழுக்கவில்லை.